குறுக்கே கிடந்த பிள்ளை

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். காலால் பிறந்தவர். மற்றவர்களெல்லாம் தலையை முன்னே நீட்டிக்கொண்டு இந்த உலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க, அவர் மட்டும் காலை முன்னே வைத்து வந்தவர். அதற்காக ஊரில் அவருக்கு ஒரு தனி மரியாதை. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள், மூட்டை தூக்கிச் சுளுக்கிக்கொண்டவர்கள் எல்லாரும் காலை நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து குப்புறப் படுப்பார்கள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, வலது காலால் இடுப்பில் மூன்று தடவை மிதிப்பார். பலருக்குச் சரியாகிவிடும். ஆகாதவர்கள் மறுநாளும் வருவார்கள். காசு வாங்கமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும்தான்.

அவரைப் பற்றி ஊருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் காலால் பிறந்த அந்த ராத்திரியில் அவரைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. மிதி வாங்கியவர்களுக்கும் அது தோன்றவில்லை, வேடிக்கை பார்த்த எனக்கும் தோன்றவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது நம்முடைய பழக்கமாகவே இருக்கிறது. பிள்ளை மாலை சுற்றிப் பிறந்துவிட்டதென்றால் உடனே தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமனைக் கூட்டிவந்து, கிண்ணத்து எண்ணெயில் பிள்ளையின் முகத்தை முதலில் பார்க்கவைப்பார்கள். கொடி கழுத்தைச் சுற்றியது பிள்ளைக்கு; வலி பட்டவள் தாய்; பயமும் பரிகாரமும் மாமனுக்கு! நமது கிராமங்களில் ஒரே ஒரு இடத்தில்தான் இந்தக் கணக்கு நேராகப் போடப்பட்டிருக்கிறது. அது சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல். வயிற்றுச் சுமையோடு செத்துப்போனவளுக்காக நட்ட கல். வழிப்போக்கன் தன் தலைச்சுமையை அதன்மேல் இறக்கிவைத்து மூச்சு விட்டால், அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையும் கொஞ்சம் இறங்குகிறதாம். இதை நினைத்தவன் யாரோ, கதை எழுதத் தெரிந்தவன்தான்.

கதை எழுதுகிறவர்களைப் பற்றித்தான் இப்போது பேச வந்தேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

சில வருஷங்களுக்கு முன் வெளிவந்த என் நாவல் ஒன்றில், கதாநாயகியின் மூத்தவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். அவள் இறந்தால்தான் தங்கை அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போக முடியும்; போனால்தான் கதை நடக்கும். ஆகையால் அவளை நான் அரைப் பக்கத்தில் தீர்த்துவிட்டேன். மழை பெய்தது, விளக்கு அணைந்தது, மருத்துவச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இவ்வளவுதான். விமரிசகர்கள் யாரும் அந்தப் பக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஒருவர் 'நெஞ்சை உருக்கும் கட்டம்' என்றுகூட எழுதியிருந்தார்.

என் அக்கா புத்தகத்தை வாங்கிப் போய்ப் படித்தாள். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. ஆனா அவ ஏன் செத்தான்னு போடலியே?"

"பிரசவத்திலே செத்துட்டா அக்கா."

"அதான் ஏன்னு கேக்கறேன். பிரசவம்னா சாவா? பிள்ளை எப்படிக் கிடந்தது?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பிள்ளை எப்படிக் கிடந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு பாத்திரம் தூக்குப் போட்டுக்கொண்டால் கயிறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். பஸ்ஸில் அடிபட்டுச் செத்தால் பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்று யோசிக்கிறேன். பிரசவத்துக்கு மட்டும் காரணம் வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டுவிட்டேன். அதுவும் யாரிடம்! என் அக்காவுக்கே முதல் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே விழுந்து, கை முன்னே வந்து, ஒரு முழு இரவு வீட்டில் கிடந்து, விடிந்தபின் வேனில் டவுனுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். அக்கா பிழைத்தாள். பிள்ளை இல்லை. அப்போது எனக்கு எட்டு வயது. என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, உள்ளே வராதே என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேலும் நான் திண்ணையிலேயே உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன் என்று அக்கா ஒரு கேள்வியில் காட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு, இந்த விஷயத்தை மற்ற கதாசிரியர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நான் டாக்டருக்குப் படித்தவனல்ல. இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றவன். ஆனாலும் கதையைப் படிப்பதற்குக் கொஞ்சம் வைத்தியமும் படிக்க வேண்டியிருந்தது. சங்கதி சிக்கலானதல்ல. ஏழாம் மாதத்தில் நாலில் ஒரு பிள்ளைக்குப் பக்கமாகத் தலை மேலேயும் புட்டம் கீழேயுமாகத்தான் உட்கார்ந்திருக்கும். பிறகு பெரும்பாலானவை தானாகவே புரண்டு தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நாலு பிள்ளைகள் புரளாமல் நின்றுவிடுகின்றன. சில நூறு பிரசவங்களுக்கு ஒன்றில் பிள்ளை குறுக்காகவே கிடந்துவிடும். புட்டமோ காலோ முன்னே வந்தால் ஆபத்து உண்டு. ஆனாலும் வழி உண்டு. நிறைமாதப் பிள்ளை குறுக்கே கிடந்தால் வழியே இல்லை. தோள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், சில சமயம் ஒரு கை வெளியே வந்து தொங்கும். வலி நிற்காது. கர்ப்பப்பை பூட்டிய கதவை முட்டுகிறதைப்போல முட்டிக்கொண்டே இருக்கும். யாராவது பிள்ளையைத் திருப்ப வேண்டும், அல்லது வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பை கிழிந்துபோகும்.

பூட்டிய கதவு என்ற உவமை என்னுடையதென்று நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். பிறகு பார்த்தால் சுசுருதர் எப்போதோ சொல்லிவிட்டிருக்கிறார். மூடகர்ப்பம் என்று அவர் சொல்கிற தடைப்பட்ட பிரசவத்தில் நாலு வகை. அதில் குறுக்கே கிடக்கிற பிள்ளைக்குப் பரிகம் என்று பெயர். பரிகம் என்றால் கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடுகிற கணையமரம். வைத்திய நூல் எழுதியவருக்கு, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்த கண் இருந்தது. அந்தக் கண் நாவலாசிரியர்களுக்கு வர வெகுகாலம் பிடித்தது.

இங்கிலீஷ் நாவல் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே லாரன்ஸ் ஸ்டெர்ன் ஒரு பிரசவத்தை வைத்துப் பெரிய வேடிக்கையே நடத்திவிட்டார். 1759-லிருந்து 1767 வரை பாகம் பாகமாக வந்த 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில், தன் வரலாற்றைச் சொல்ல வந்த கதாநாயகன் பிறப்பதற்கே மூன்றாம் பாகம் ஆகிவிடுகிறது. மாடியில் தாய்க்கு இடுப்பு வலி. கீழே அப்பாவும் சித்தப்பாவும் டாக்டர் ஸ்லாப்பும் உட்கார்ந்து உலகத்து விஷயங்களையெல்லாம் அலசுகிறார்கள். அப்பாவுக்கு ஒரு சித்தாந்தம்: தலை முன்னே வந்தால் மூளை நசுங்கிப் போகும், கால் முன்னே வந்தால்தான் பிள்ளை அறிவாளியாக இருக்கும் என்று. டாக்டருக்கு இன்னொரு கவலை: முன்னே இருப்பது தலையா இடுப்பா என்று. கடைசியில் ஆயுதம் போட்டு எடுக்கிறார். பிள்ளையின் மூக்கு நசுங்குகிறது. யார்க் நகரத்தில் நிஜமாகவே இருந்த டாக்டர் ஜான் பர்ட்டனை வைத்துத்தான் ஸ்லாப்பைச் செய்தார் என்கிறார்கள். பர்ட்டன் பிரசவ வைத்தியம் பற்றிப் புத்தகம் எழுதியவர். பாவம், அந்தப் புத்தகத்தைவிட ஸ்லாப்தான் நிலைத்துவிட்டார்.

நான் இந்த நாவலைச் சிரித்துக்கொண்டே படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் மாடிக்கு ஒரு தடவையாவது போகமாட்டோமா என்று இருந்தது. ஸ்டெர்ன் போகவிடவே மாட்டார். கீழே ஆண்கள் பேசிக்கொண்டே இருப்பதுதான் அவருடைய பரிகாசம் என்று கெட்டிக்காரர்கள் சொல்லலாம். இருக்கலாம். அந்தப் பரிகாசத்தைக் கேட்டு மாடியில் இருப்பவள் சிரித்திருக்கமாட்டாள்.

டால்ஸ்டாயிடம் பரிகாசம் இல்லை. 'போரும் அமைதியும்' நாவலில் ஆண்ட்ரூ பிரபுவின் மனைவி லிசா, கணவன் போரிலிருந்து திரும்பி வந்த அதே இரவில் பிரசவித்து இறந்துபோகிறாள். டால்ஸ்டாயும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார், கணவனோடு. ஆனால் கதவு திறந்ததும் செத்துக் கிடக்கிறவளின் முகத்தைப் பார்க்கிறார். அந்த முகம் ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வி புத்தகம் முடியும்வரை ஆண்ட்ரூவை விடுவதில்லை. அவள் எதனால் இறந்தாள் என்று டால்ஸ்டாயும் எழுதவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். முடியாது. டால்ஸ்டாய் கணவனுக்குக் குற்ற உணர்ச்சியைக் கொடுத்தார். நான் என் கதையில் கணவனுக்கு இரண்டாம் கல்யாணத்தைக் கொடுத்தேன்.

ஹெமிங்வேயின் 'இந்தியன் கேம்ப்' 1924-ல் பத்திரிகையில் வந்து, அடுத்த வருஷம் புத்தகத்தில் சேர்ந்த சிறுகதை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் லேசில் மறக்க முடியாது. ஒரு டாக்டர், சிறுவனான தன் மகனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, இரவில் படகேறி ஏரியைக் கடந்து செவ்விந்தியர் குடிசைக்குப் போகிறார். அங்கே ஒருத்தி இரண்டு நாளாக வலியில் கிடக்கிறாள். அவளுடைய அலறலைக் கேட்க முடியாமல் ஆண்கள் எட்டப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய கணவன் மட்டும் போக முடியவில்லை. மூன்று நாளைக்கு முன் கோடரி காலில் பட்டு, மேல்படுக்கையில் கிடக்கிறான். பிள்ளை தலை முன்னே வரவில்லை. மயக்க மருந்து கிடையாது. டாக்டர் சட்டைப்பைக் கத்தியால் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து, தூண்டில் நரம்பால் தைக்கிறார். நாலு பேர் அவளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவரை அவள் கடித்துவிடுகிறாள். எல்லாம் முடிந்ததும் டாக்டருக்குப் பந்தயத்தில் ஜெயித்த உற்சாகம்; வைத்தியப் பத்திரிகைக்கு எழுதலாம் போலிருக்கிறது என்கிறார். பிறகு மேல்படுக்கையின் போர்வையை விலக்கிப் பார்த்தால், கணவன் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்துக் கிடக்கிறான்.

இந்தக் கதையைப் பாராட்டாதவர்கள் இல்லை. நானும் இருபது வயதில் பிரமித்துப் போனவன். ஒரு வார்த்தை ஜாஸ்தி கிடையாது. அலறல் தனக்கு முக்கியமில்லை, அதனால் காதில் விழுவதில்லை என்று டாக்டர் மகனிடம் சொல்கிற இடத்தில் ஹெமிங்வே அவரை மன்னிக்கவில்லை. கதை முடிவே அதற்குத் தண்டனைதான். அவ்வளவும் சரி. இப்போது படிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. அந்த அலறல் டாக்டருக்குக் கேட்கவில்லை. கணவனுக்குக் கேட்டது, அவன் செத்தான். சிறுவனுக்குக் கேட்டது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதை முடிகிறபோது ஏரியின்மேல் விடிகிறது. சிறுவன் தான் சாகவே போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறான். சரி, குடிசையில் தைத்துப் போட்ட அந்தப் பெண் என்ன ஆனாள்? கண் விழித்தபோது யார் அவளிடம் கணவன் இல்லையென்று சொன்னார்கள்? அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. சிறுவன் வளர்வதற்காக அவள் அறுக்கப்பட்டாள். என் நாவலில் தங்கைக்குக் கல்யாணம் ஆவதற்காக மூத்தவள் செத்தாளே, அதற்கும் இதற்கும் திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஜாதி ஒன்றுதான்.

இதே காலத்தில், 1925-ல், மாஸ்கோவிலே மருத்துவத் தொழிலாளருக்கான ஒரு பத்திரிகையில் மிகையீல் புல்ககோவ் ஒரு கதை எழுதினார். அவர் 1916-ல் கீவ் நகரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் நிக்கோல்ஸ்கோயே என்ற கிராமத்து ஆஸ்பத்திரிக்குத் தன்னந்தனி டாக்டராக அனுப்பப்பட்டவர். அந்த அனுபவங்களைப் பின்னால் கதைகளாக்கினார். நான் சொல்வது 'திருப்பலில் ஞானஸ்நானம்' என்ற கதை. பிள்ளையைத் திருப்புவதற்கு ருஷ்ய வைத்தியர்கள் சொல்கிற வார்த்தையையே தலைப்பில் வைத்திருக்கிறார். போர்முனையில் முதல் குண்டு வாங்குவதை ஞானஸ்நானம் என்பார்களே, அந்த மாதிரி.

ஒரு பக்கத்து ஊரிலிருந்து குறுக்கே விழுந்த பிள்ளையோடு ஒருத்தியைக் கொண்டுவருகிறார்கள். இளம் டாக்டர் தன் வாழ்நாளில் பார்த்த பிரசவம் இரண்டே இரண்டு; இரண்டும் சுகப் பிரசவம். உள்ளே கையை விட்டுக் காலைப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எப்படித் திருப்புவது என்று தெரியாது. சிகரெட் எடுத்துவருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு ஓடிப்போய் டோடர்லைன் எழுதிய பிரசவ வைத்தியப் புத்தகத்தைப் புரட்டுகிறார். பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து, கிழிசல், எச்சரிக்கை. படிக்கப் படிக்கத் தெரிந்ததும் மறந்துபோகிறது. சிகரெட்டோடு திரும்பி வருகிறார்.

இங்கேதான் புல்ககோவ் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றியது. கை கழுவிக்கொண்டிருக்கும்போது அன்னா நிக்கோலாயெவ்னா என்ற அனுபவமுள்ள மருத்துவச்சி, முன்னால் இருந்த சர்ஜன் இந்தத் திருப்பலை எப்படிச் செய்வார் என்று சும்மா கதை சொல்கிறாள். அவளுக்குத் தெரியும், இந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று. அவனுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று. இருந்தும் அவள் பாடம் நடத்துவதாகக் காட்டிக்கொள்ளவில்லை; அவன் படிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கை கழுவுகிற அந்தப் பத்து நிமிஷத்தில், பரீட்சைக்குப் படித்த மொத்தத்தையும்விட ஜாஸ்தியாக அவன் கற்றுக்கொள்கிறான். ஓர் ஆண்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒரு பெண்பிள்ளையின் உயிரையும் காப்பாற்றுகிற சாமர்த்தியம் அந்தக் கிழவியின் வாயில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவச்சிகளுக்கும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. நம் கதைகளில்தான் அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வருவதோடு சரி.

பிறகு கை உள்ளே போகிறது. ஹெமிங்வே, டால்ஸ்டாய் எல்லாரும் வெளியே நிறுத்திவிட்ட வாசகனை, புல்ககோவ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறார். எது கால், எது கை என்று விரல் நுனியில் தேடவைக்கிறார். பிடித்தது கால்தானா என்ற அந்த ஒரு கணத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் வந்து, தட்டித் தண்ணீர் தெளித்தபின் அழுகிறது. தாயும் பிழைக்கிறாள். மருத்துவச்சி அவனைப் பாராட்டுகிறாள். கேலி செய்கிறாளோ என்று அவன் சந்தேகப்படுகிறான். இரவு வீட்டுக்குப் போய் டோடர்லைனை மறுபடி திறந்தால், அன்று மாலை இருட்டாக இருந்த வரிகளெல்லாம் வெளிச்சமாகிவிடுகின்றன. புத்தகத்தை நம்பிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இந்தக் கடைசிக் கட்டம் மிகவும் பிடித்திருக்கிறது.

ஜெயித்த கதையை எழுதுவது சுலபம் என்று யாராவது சொல்லலாம். ஆகையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே வரிசையில் 'காணாமற்போன கண்' என்ற கதையில், ஒரு வருஷ அனுபவத்தைக் கணக்குப் பார்க்கிற அதே டாக்டர், இன்னொரு பிரசவத்தில் தன் கையில் பிள்ளையின் எலும்பு முறிந்து, உயிரில்லாமல் வந்ததையும் எழுதியிருக்கிறார். யாரோ வந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நடுங்கியதையும் எழுதியிருக்கிறார். 'எகிப்திய இருள்' என்ற கதையில், பிள்ளை வெளியே வர மறுக்கிறது, இனிப்பைக் காட்டி அழைக்கலாம் என்று பிறப்பு வழியில் சர்க்கரைக் கட்டியை வைத்த நாட்டு வைத்தியச்சியைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரித்துப் பேசுகிறார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் டாக்டர் வெகு தூரத்தில் இருக்கிற ஊரில், பனி மூடிய ராத்திரியில், கணையமரம் போட்ட கதவுக்கு முன்னால் நிற்கிறவளுக்குச் சர்க்கரையைத் தவிர வேறு என்ன அகப்பட்டிருக்கும்?

புல்ககோவை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஒரு குறையும் உண்டு. அந்தக் கிராமத்துக்கு அவர் தனியாகப் போகவில்லை. மனைவி தத்தியானாவும் கூடப் போனாள். அங்கே போய் இறங்கிய புதிதில் வந்த ஒரு கஷ்டமான பிரசவத்தின்போது, தான் வைத்தியப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், அவர் சொல்கிற இடத்தைத் தேடித் தேடிக் காட்டியதாகவும் அவள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறாள். கதையில் டாக்டர் பிரம்மச்சாரி. புத்தகத்தைத் தானே ஓடிப்போய்ப் புரட்டுகிறார். கதைக்கு அதுதான் நல்லது; தனியாக இருந்தால்தான் பயம் கூடும். நானாக இருந்தாலும் அப்படித்தான் வெட்டியிருப்பேன். எனக்குத் தொழில் தெரியும். இருந்தாலும், பிரசவத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கூட, பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் காலத்து நாவல் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2009-ல் வந்த ஆபிரகாம் வர்கீஸின் 'கட்டிங் ஃபார் ஸ்டோன்'. வர்கீஸ் எத்தியோப்பியாவில் பிறந்த மலையாளி. டாக்டர் படிப்பை முடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். ஆகவே அடிஸ் அபாபாவில் நடக்கிற அந்த நாவலுக்குள் சென்னை வாடை நன்றாகவே அடிக்கிறது. சென்னையிலிருந்து கப்பலேறிய ஒரு கன்னிகாஸ்திரீ, யாருக்கும் தெரியாமல் கர்ப்பமாகி, 1954-ல் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வலி கண்டு விழுகிறாள். இரட்டைப் பிள்ளை, இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்து நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தகப்பனான சர்ஜன் ஸ்டோன் பெரிய கைராசிக்காரர். ஆனால் அன்று கை ஓடவில்லை. பிள்ளையின் மண்டையை உடைத்தாவது தாயைக் காப்பாற்றப் பார்க்கிறார். சென்னைக்குப் போயிருந்த பிரசவ டாக்டர் ஹேமா அன்றுதான் விமானத்தில் திரும்பி வந்து, அவரைத் தள்ளிவிட்டு வயிற்றைக் கீறிப் பிள்ளைகளை எடுக்கிறாள். தாய் பிழைக்கவில்லை. ஸ்டோன் ஓடியே போய்விடுகிறார்.

இந்தப் பிரசவம் நாவலில் பக்கம் பக்கமாகப் போகிறது. பொறுமையில்லாதவர்களுக்கு நீளமாகத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் எதனால் சாகிறாள் என்பதற்கு அத்தனை பக்கம் வேண்டும் என்று அந்த எழுத்தாளர் நினைத்ததே பெரிய விஷயம். இன்னொன்றும் செய்திருக்கிறார். பிள்ளைகளில் ஒருவனான ஷிவா வளர்ந்து, நாள்கணக்கில் பிரசவம் தடைப்பட்டதால் மூத்திரப்பை கிழிந்து, நாற்றம் தாங்காமல் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பெண்களுக்கு ஆபரேஷன் செய்கிறவனாகிறான். அடிஸ் அபாபாவில் நிஜமாகவே ஹாம்லின் தம்பதிகள் 1974-ல் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். செத்தால் கதை முடிந்தது, பிழைத்தாலும் கதை முடிந்தது என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோமே, பிழைத்தவளுக்கு அதற்குப் பிறகுதான் கதை என்று இந்த நாவலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கட்டமைப்பில் குறைகள் உண்டு. தற்செயல்கள் அதிகம், கடைசிப் பகுதியில் சினிமாத்தனம் எட்டிப் பார்க்கிறது. அவற்றையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

என் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு போடலாம் என்று பதிப்பாளர் சொன்னபோது, அந்த அரைப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன். அவருக்கு ஆச்சரியம். நல்ல கட்டமாயிற்றே என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். வலியைப் பற்றிச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"வேன்லே போறப்ப டிரைவர் பாட்டு போட்டுட்டு வந்தான். அம்மா நிறுத்துன்னாங்க. நான்தான் வேண்டாம், இருக்கட்டும்னேன். கை வெளியே வந்துருச்சில்ல? அது அப்ப அசைஞ்சுது, தம்பி. விரலை மூடி மூடித் திறந்துச்சு. பாட்டு கேக்குதோன்னு நினைச்சேன்" என்றாள்.

பிறகு கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மழை, விளக்கு, மருத்துவச்சி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பதிப்பாளர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.